மடங்கிய காது

காணாமல் போன பூனையின் போட்டோ மெயிலில் ஏறிச் சட்டமாக உட்கார்ந்தது. அதன் முதுகுக்குப் பின்னால், படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக எழுதிய வரி ஒன்று ஒண்டிக்கொண்டது: 'சாம்பல் பூனை. இடது காது நுனி மடங்கியிருக்கும்.'

"என்னைப் பார்த்தாலே போதும். நீ எதுக்கு?" என்றது போட்டோ.

வரிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இறங்கவில்லை.

மெயில் அந்த அடுக்குமாடி முழுக்கப் போனது. எல்லோரும் போட்டோவைப் பார்த்து, "அய்யோ பாவம்" என்று சொல்லி மூடினார்கள். கடைசியாக நசீமா திறந்தார். அவருக்குக் கண் தெரியாது. வந்த மெயிலைப் போன்தான் வாசித்துச் சொல்லும். போட்டோ எவ்வளவோ பளபளத்துப் பார்த்தது. போன் அதை விட்டுவிட்டுப் பின்னாலிருந்த வரியைக் கூப்பிட்டது.

வரி நெஞ்சை நிமிர்த்திக் கணீரென்று ஒலித்தது.

அன்று காலையில்தான் பால்கனி வழியாக வந்து, இப்போது தன் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பூனையின் இடது காதை நசீமா தடவினார். நுனி மடங்கியிருந்தது.

"அடியே, பில்டிங்கே உன்னைத்தான் தேடுதாம்" என்று சிரித்தார்.

பூனை வீடு சேர்ந்த சேதியோடு மறுநாள் இன்னொரு மெயில் கிளம்பியது. போட்டோ ஏறாமல் வாசலிலேயே நின்றது.

"முதல்ல வரி ஏறட்டும்" என்றது.