பெட்டிக்கு இடம்

"தம்பி, இது சும்மா உறுமுது. எனக்கு அடி கேக்கவேணும். வேறை ஒண்டு போடுங்கோ."

கொலின்ஸ் இதோடு மூன்றாவது சப்வூபரையும் வேண்டாம் என்றுவிட்டார். கிளிநொச்சியில் வாகனங்களுக்குப் பாட்டுப் பெட்டி பூட்டும் கடை வைத்திருக்கும் சிவகரனுக்கு இப்படி ஒரு ஆள் வாய்த்ததே இல்லை. மற்றவர்கள் சினிமாப் பாட்டு ஒன்றைப் போடச் சொல்லுவார்கள், கண்ணாடி அதிர்ந்தால் சிரித்துக்கொண்டு வாங்கிப் போவார்கள். இவர் நாயாற்றிலிருந்து மனைவியோடு காலையிலேயே வந்து, ஒரு பென்டிரைவை நீட்டி, அதிலிருந்த ஒரேயொரு ரொக் பாட்டையே திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இது ரெண்டாயிரம் வாட்ஸ். மட்டையிலயே அச்சடிச்சிருக்குப் பாருங்கோ."

"கொம்பனிக்காரன் எதையும் அச்சடிப்பான். விடாமல் நிண்டு பிடிக்கிறது எவ்வளவு?"

சிவகரன் சாமானோடு வந்த புத்தகத்தைப் புரட்டினான். "முந்நூறு."

"பாத்தீங்களே. சப்வூபரும் ஐந்நூறு தாங்கவேணும், அம்பிளிபயரும் ஐந்நூறு குடுக்கவேணும். பெட்டியில ஓட்டை இருக்கக்கூடாது. ஓட்டை இருந்தா ஒரு அடி அடங்க முதல் மற்ற அடி வந்து ஏறிடும். டிரம்ஸும் பேஸ் கிற்றாரும் கூழ் மாதிரிப் போயிடும்."

"உதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இந்தப் பாட்டில பேஸ் வாசிக்கிறது நான்தான். நாலு பேர் சேந்து பாண்ட் வைச்சிருந்தனாங்கள். கடலால வந்து, வலை காயிற நேரத்தில பழகினது."

கதிரையில் இருந்த ஆன்சலா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "காது குடுக்கேலாது தம்பி. நான் குசினிக் கதவைச் சாத்திப்போட்டுத்தான் சமைக்கிறனான்." சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

சிவகரனுக்கும் ஆளைப் பிடித்துப் போனது. "மூடின பெட்டி எண்டால் தச்சனிட்டைச் சொல்லிச் செய்விக்கவேணும் அண்ணை. அடுத்த மாதம் வாங்கோவன்."

"அடுத்த மாதம் சரிவராது. இந்தக் கிழமைக்குள்ள பூட்டவேணும்."

"என்ன அவசரம்? பெருநாள் ஏதுமோ?"

"ஊர்வலம் ஒண்டு இருக்கு. கோயிலில இருந்து ஒரு கிலோமீற்றர்தான். வாகனம் நடக்கிற வேகத்திலதான் போகும். பற்றரி தாங்குமோ?"

"மெல்லப் போனால் இறங்கிடும். ரெண்டாவது பற்றரி ஒண்டு பூட்டவேணும்."

"பூட்டுங்கோ. உள்ளுக்கை இருக்கிற ஆளுக்குக் கேக்கத் தேவையில்லை. பின்னால நடந்து வாற சனத்துக்குக் கேக்கவேணும்."

"வாகனம் உங்கடையோ?"

"கூட்டாளியின்ரை. அந்தப் பாட்டில டிரம்ஸ் அடிக்கிறவன். அவன்தான் ஓடுவான்."

 சிவகரன் பின்பக்கம் போய், தன் சொந்தக் காரில் பூட்டியிருந்த பத்து இஞ்சி சப்வூபரை, மூடின பெட்டியோடு கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். விலைக்குக் கொடுப்பதற்காக அவன் அதைச் செய்விக்கவில்லை. புது அம்பிளிபயர் ஒன்றை எடுத்து வயரைக் கொடுத்துப் பாட்டைப் போட்டான்.

கொலின்ஸ் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வந்து விழுந்தது. அதற்குக் கீழே, ஒரு அடியையும் மிதிக்காமல், பேஸ் கிற்றார் தன்பாட்டில் நடந்து போனது. அத்தனை நாளும் தன் காரிலேயே கிடந்த சாமானை அன்றுதான் ஒழுங்காகக் கேட்பதாகச் சிவகரனுக்குப் பட்டது.

"இதுதான்" என்றார் கொலின்ஸ்.

ஆன்சலா எழுந்து வந்தாள். "எப்பிடிப் போடுறதெண்டு எனக்குக் காட்டுங்கோ தம்பி."

"அது அண்ணை பாத்துக்கொள்ளுவார் அக்கா."

"இல்லை. எனக்குக் காட்டுங்கோ."

காட்டினான். அவள் தானே போட்டாள், நிறுத்தினாள், மறுபடி போட்டாள். முதல் தரம் பட்டனைத் தேடினாள். மூன்றாம் தரம் பார்க்காமலே அழுத்தினாள்.

"முதல் அடிக்கே முழுச் சத்தம் வைக்கவேணும்" என்றார் கொலின்ஸ் அவளிடம். "ஆரும் குறைக்கச் சொன்னால்?"

"குறைக்கமாட்டன்."

"பாதர் சொன்னால்?"

"பாதர் சொன்னாலும் குறைக்கமாட்டன்."

அவர் தலையை ஆட்டினார். சிவகரன் உத்தரவாதத் துண்டை எடுத்துப் பெயரைக் கேட்டான். "அவவின்ர பெயரைப் போடுங்கோ" என்றார்.

"வாகனத்தைக் கொண்டாங்கோ அண்ணை. இடத்தை அளந்தாத்தான் பெட்டியைப் பொருத்தலாம்."

"கடை வாசலில விட்டால் உங்கட யாவாரத்துக்குச் சரியில்லை. கூட்டாளி அங்கால வாகை மரத்தடியில கொண்டுவந்து விட்டிருக்கிறான். வாங்கோ காட்டுறன்."

சிவகரன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். ஐம்பது வயதுகூட இராத கொலின்ஸ் பாதி வழியில் ஒருமுறை நின்று, மனைவியின் தோளைப் பிடித்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மறுபடி நடந்தார்.

மரத்தடியில் நின்றது, கூரையில் சிலுவை வைத்து, சுற்றிவரக் கண்ணாடி போட்ட வெள்ளை நிற அமரர் ஊர்தி.

கொலின்ஸ் அதன் பின்கதவைத் திறந்து, நடுவிலிருந்த நீளமான தட்டில் கையை வைத்து அளந்து காட்டினார்.

"என்ர பெட்டி இதுவரைக்கும் வரும் தம்பி. உங்கட பெட்டியை அதுக்கு அங்கால வையுங்கோ."