முட்டித்தலையும் சட்டித்தலையும்

பழைய அமெரிக்க மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் கொட்டகையில் மாப்பிள்ளையாகப் போகிறவன் வியர்த்து நிற்கிறான். நடுவண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் என்ஜின் தலையை மாமனாராகப் போகிறவர் ஈரத் துண்டால் மூடியிருக்கிறார். மேல்மூடி விரல்முட்டிகள் போலப் புடைத்திருந்தால் அது முட்டித்தலை. கவிழ்த்த சட்டி போல வழவழவென்றிருந்தால் சட்டித்தலை. அந்த வீட்டில் மனிதர்களைக்கூட இப்படித்தான் தரம் பிரிக்கிறார்கள்.

"சத்தத்தை வச்சே சொல்லுங்க தம்பி. சொன்னா பொண்ணு உங்களுக்கு. சொல்லலைன்னா, வந்த வழி உங்களுக்கே தெரியும்."

அவன் காதில் தடதடவென்று ஏதோ விழுகிறது. கண் மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் அவருடைய பெண்ணின் கைமேல் இருக்கிறது. முட்டி என்றால் விரல்களை மடக்குகிறேன், சட்டி என்றால் உள்ளங்கையைக் கவிழ்க்கிறேன் என்று காலையில் அவளேதான் போனில் சொன்னாள். தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில் வளையலில் மின்ன, அந்தக் கை மெதுவாகக் கவிழ்கிறது.

"சட்டித்தலை, மாமா!"

அவர் துண்டை உருவுகிறார். எண்ணெய் பளபளக்க, முட்டிகள் வரிசையாகப் புடைத்து நிற்கின்றன.

"மாமாவா? யாருக்கு?"

என்ஜின் அடங்குகிறது. அவர் முதுகுக்குப் பின்னால் அந்தக் கை இப்போதுதான், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரலாக மடங்குகிறது.