எழுப்ப மறந்த வரி

கோகிலவாணியின் பேட்ச் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது.

திருப்பியவர் இளஞ்செழியன். 'எல்லாம் சரி, கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பவும்' என்று ஆங்கிலத்தில் ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்.

அந்த மரியாதையைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உலகமே இலவசமாக எடுத்துப் புழங்குகிற ஓர் இயங்குதளம் அது. அதற்கு உயிர்நாடியான கெர்னலை அங்கங்கே உட்கார்ந்துகொண்டு பலர் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதில் பிழை இருந்தால் இன்னொருவர் திருத்தி அனுப்புகிறார். அந்தத் திருத்தத்துக்குப் பெயர்தான் பேட்ச்.

கோகிலவாணி புதுச்சத்திரத்தில் இருந்துகொண்டு திருத்துகிறாள். டிஸ்க் பகுதிக்கு இளஞ்செழியன் பொறுப்பு. அவர் தலையசைத்தால்தான் எதுவும் உள்ளே போகும்.

பிழை இதுதான். ஒரு புரோகிராம் டிஸ்க்கிடம் வேலையைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகும். வேலை முடிந்ததும் அதைத் தட்டி எழுப்ப வேண்டும். இளஞ்செழியன் எப்போதோ எழுதிய ஒரு வரி, சில சமயம் எழுப்ப மறந்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விடுகிறது. காத்திருப்பது காத்துக்கொண்டே கிடக்கும். கணினி அப்படியே உறைந்துவிடும்.

திருத்தம் சின்னதுதான். சண்டை அதற்கில்லை.

பிழையைத் திருத்துகிறவர், அது எந்தப் பழைய மாற்றத்தால் வந்தது என்று கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அது அந்தக் கூட்டத்தின் வழக்கம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போனால் யார் செய்த காரியம் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

அந்த வரியைத்தான் எடுக்கச் சொல்கிறார்.

'காத்திருப்பவரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானாக விசாரித்திருக்கலாம்' என்பது இளஞ்செழியன் கட்சி. 'தப்பு என் பக்கம் மட்டும் இல்லை.'

'விட்டுவிட்டுப் போகிறவர்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். விசாரிப்பதற்குக் காத்திருப்பவர் கையில் ஒன்றும் கிடையாது' என்று கோகிலவாணி பதில் போட்டாள். அவள் தட்டிய தட்டுக்குக் கீபோர்டு பாவம், என்ன செய்யும்.

இன்று மாலையோடு அடுத்த வெளியீட்டுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த வரியை எடுத்தால் பேட்ச் உள்ளே போய்விடும், எத்தனையோ கணினிகள் உறையாமல் பிழைக்கும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் 'என் தப்பு' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவதாக இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கு மனசு ஏங்கிக் கிடந்தது.

இந்த மெயில்கள் எல்லாம் கெர்னல் எழுதுகிற எல்லோருக்கும் போகும். இதற்குள் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜெர்மனிக்காரர் ஒருவர் உள்ளே வந்தார்.

'என் கணினியில் இந்தப் பிழை வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்தால் வரும்?' என்று கேட்டார். கூடவே, 'நீங்கள் இருவரும் ஒரே நாட்டுக்காரர்கள் போலிருக்கிறது. போனில் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா?' என்றும் எழுதியிருந்தார்.

'எதுவானாலும் எல்லோர் முன்னிலையிலும் பேசுவதுதான் நம் வழக்கம்' என்று இளஞ்செழியன் எழுதினார்.

'ஆமாம்' என்று கோகிலவாணி எழுதினாள். அன்றைக்கு இரண்டு பேரும் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்துப் புதுச்சத்திரத்தில் கரண்ட் போனது. மோடம் அணைந்தது.

அடுப்படிக்குப் போனாள். தோசை மாவுப் பாத்திரத்தை எடுத்தாள், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்ப வைத்தாள். மாவு புளிக்கத் தொடங்கியிருந்தது.

கரண்ட் வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். இளஞ்செழியனும் அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போதுதான் ஒரு மெயில் வந்து விழுந்தது.

'கோகிலவாணி சொல்வது சரி. யாராவது காத்திருக்கிறார்களா என்று பார்க்காமல் போனது என் தப்பு. பேட்சை அந்த வரியோடு ஏற்றுக்கொள்கிறேன்.'

அவளுக்குக் கண் கலங்கியது. இவ்வளவுக்குத்தானே இந்தப் பாடு.

அதற்கும் கீழே ஒரு வரி இருந்தது, தமிழில். அவளுக்கு மட்டும் என்று நினைத்து எழுதியிருக்க வேண்டும். ஆனால் எல்லோருக்கும் பதில் போட்டே பழகிய விரல், வழக்கம்போல எல்லோருக்குமே தட்டிவிட்டது. இனி அழிக்கவும் முடியாது.

'பெட்ரோல் பங்க்குல உன்னைய உட்டுட்டு வந்தது என் தப்புதான் சாமி. பன்னு தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு. கீழ வரட்டுமா?'

போன ஞாயிற்றுக்கிழமை வாழப்பாடியில் ஒரு கல்யாணம். புருஷனும் பொண்டாட்டியுமாகப் போய்விட்டு வருகிற வழியில் பைக்குக்குப் பெட்ரோல் போட நிறுத்தினார். அவள் இறங்கி ஓரமாக நின்றாள். போட்டு முடித்ததும் கிளம்பியவர், பின்னால் ஆளில்லை என்பதே தெரியாமல், இதே பிழையைப் பற்றிச் சேலம் வரைக்கும் பேசிக்கொண்டே போயிருக்கிறார். அதிசயமாக எதிர்த்துப் பேசாமல் வருகிறாளே என்று சந்தோஷம் வேறு பட்டாராம். அவள் போன் அவர் பைக் பெட்டிக்குள் கிடந்தது.

பஸ் மாறி வீடு வந்தவளிடம், 'பங்க்குல யாருகிட்டயாச்சும் போன் வாங்கிக் கூப்புட்டிருக்கலாமில்ல?' என்று கேட்டதுதான் வினை. அன்றிலிருந்து அவர் மாடியில், அவள் கீழே.

ஜெர்மனிக்காரரிடமிருந்து அடுத்த மெயில் வந்தது. 'கடைசி வரியை மொழிபெயர்த்துப் பார்த்தேன். பெட்ரோல் பங்க் என்று வருகிறது. இந்தப் பிழையை வரவழைக்கும் முறை இதுதானா?'

கோகிலவாணி தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு மாடிப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, கல்லு காயுது. வாங்க."

படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அவர் வந்து சேர்வதற்குள் ஜெர்மனிக்காரருக்குப் பதிலைத் தட்டினாள், எல்லோருக்கும் போகிற மாதிரியே.

'ஆமாம், இதேதான். இன்னொரு தடவை வரவழைத்தால் பேட்ச் கிடையாது.'