கிளம்பினாலே கடகட

"இன்ஜினே போச்சுன்னு நினைக்கிறேன். இதை நம்பி அவ்வளவு தூரம் போக முடியாது" என்றான் கணவன், முகத்தில் கவலையை அப்பிக்கொண்டு.

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒர்க்‌ஷாப் தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. மெக்கானிக் நகர்த்திப் போட்ட ஸ்டூலிலும் அதே அழுக்கு. கருமம், இதிலெல்லாம் மனுஷன் உட்காருவானா!

ஆனால் இன்று விடுவதாக இல்லை. அம்மாவைப் பார்த்து மாதக்கணக்காகிறது. மற்ற நாளில் வாயைத் திறக்காத வண்டி, அம்மா வீட்டுக்குக் கிளம்பினால் மட்டும் கடகடவென்று கத்தும். பயணம் ரத்தாகும்.

காலையில் அம்மாவுக்குப் போன் செய்தாள். "இன்னிக்கும் வர முடியாது போலிருக்கும்மா" என்றதுதான் தாமதம்.

"அதனாலென்னம்மா, வண்டியை ரிப்பேருக்கு விட்டுட்டு நிம்மதியா வீட்ல இரு" என்றாள் அம்மா.

பாவம், ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். தான் போகாமல் அந்த வீடு என்ன நாற்றம் நாறுகிறதோ! போன தடவை அடுப்படியெல்லாம் எண்ணெய்க் கறை. அண்ணியை நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்டாள். அம்மா ஆசையாகச் செய்து வைத்திருந்த குழம்பைச் சட்டியோடு குப்பையில் கொட்டி, அம்மாவுடைய பழைய தலையணையையும் தூக்கி எறிந்த பிறகுதான் மூச்சே விட முடிந்தது.

மெக்கானிக் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து இடம் இடமாகக் கேட்டார். பிறகு அடியில் கையை விட்டு ஒரு தகட்டை ஆட்டினார். கடகட.

"இன்ஜின் கல்லு மாதிரி இருக்குக்கா. இந்தத் தகட்டோட போல்ட்டுதான் லூஸு."

"தானா லூஸாயிடுச்சா?"

"தானாவா? ஸ்பானர் போட்ட தடம் பளபளன்னு தெரியுது பாருங்க. யாரோ வேணும்னே கழட்டியிருக்காங்க."

அவள் சட்டென்று கணவனின் கையைப் பிடித்து விரித்தாள். ஆபீசில் பேனாவைத் தவிர எதையும் தொடாத கை. நகக்கண்ணெல்லாம் கறுப்பு கிரீஸ்.

"சீ! நீங்கள்லாம் ஒரு மனுஷனா? பெத்தவளைப் பார்க்க விடாம பண்ண இப்படி ஒரு கேவலமான வேலையா? உங்க மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பா இருக்கு!"

மெக்கானிக் நாசூக்காக அந்தப் பக்கம் போய்விட்டார். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"இருங்க, இப்பவே அம்மாகிட்ட சொல்றேன். மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்களே, அவங்களுக்கும் உங்க லட்சணம் தெரியட்டும்!" போனை எடுத்தாள்.

அவன் அவள் கையை மெல்லப் பிடித்துத் தடுத்தான்.

"வேணாம்மா... 'அவளைக் கூட்டிட்டு வராதீங்க மாப்பிள்ளை'ன்னு அழுததே அவங்கதான்."