கோனிபில்லா வந்துவிட்டான்

மாத்தறையில் உச்சி வெயில். கேட் கம்பிகளின் நிழல் முற்றத்தில் கோடு கோடாய்க் கிடக்கிறது. சோறு தின்னாத பிள்ளைகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிப்போகிற கோனிபில்லா, அம்மா தினமும் சொன்னபடியே வந்துவிட்டான். “போத்தல், பழைய பேப்பர்!” என்று கேட்டருகே நின்று கூவுகிறான். தோளில் சாக்கு, உள்ளே ஏதோ கலகலக்கிறது. ஐந்து வயது செனுலியின் வாயில் அடக்கிய பருப்புச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. “பாத்தியா, வந்துட்டான்! இந்த வீட்டுல சாப்பிடாத பிள்ளை ஒண்ணு இருக்குங்க,” என்று அம்மா தட்டும் கையுமாகச் சிரிக்கிறாள். அவனும் விளையாட்டில் சேர்ந்துகொண்டு சாக்கின் வாயை அகல விரிக்கிறான். “எங்கே அந்தப் பிள்ளை?” செனுலியின் தொடை வழியே வெதுவெதுப்பாய் இறங்குகிறது. சோற்றை மெல்லாமல் விழுங்குகிறாள். பாயில் தவழும் தம்பியை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, தள்ளாடித் தள்ளாடிச் சாக்கருகே கொண்டுபோகிறாள். வாயைத் திறந்து காட்டுகிறாள். “நான் சாப்பிட்டுட்டேன், மாமா. இவன்தான் சாப்பிடல.”