பன்றி கேட்ட பர்மிஷன்

"இதெல்லாம் ஒரு புஸ்தகமா? துன்ற நேரத்துல பாக்கற எழவா இது?"

ஸ்டோர் கிளார்க் கங்கையா ஜெராக்ஸ் தாள்களை மேஜை மேல் வீசினார். பின் அடித்த படக்கதை. பெயர் 'கப்பு', அதாவது நாற்றம். வரைந்தவர் பெயர் இல்லை. ரேணிகுண்டா கம்பெனியில் ஒரு வாரமாக டிபன் பைகளுக்குள் ஒளிந்து கைமாறிக்கொண்டிருந்தது.

அட்டையில் மேனேஜர். பேண்ட்டை இறக்கிவிட்டு வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் குந்தியிருக்கிறார். எதிரே ஒரு பன்றி, "சார், பர்மிஷன் வாங்கினீங்களா?" என்கிறது. உள்ளே, மேனேஜர் விட்ட குசுவில் ஏசி நின்றுபோகிறது. போகப் போக இன்னும் மோசம்.

பேக்கிங் செக்‌ஷன் ரூபா தலை குனிந்து நின்றாள். பெட்டிகள் மேல் மார்க்கரால் விலாசம் எழுதுகிறவள்.

"நீதானே?"

"எப்படித் தெரிஞ்சுது பெரியப்பா?"

"பெட்டி மேல நீ போடற எழுத்து எனக்குத் தெரியாதா? குசுவுக்கு ஒரு பக்கம் முழுசா குடுத்துக்கீற. பொம்பளை வரையற படமா இது? கருமம்."

"பொம்பளைங்க படற பாடுதானே இது? ஜெர்மனியிலேர்ந்து மிஷின் வந்துச்சு. அதுக்கு ஏசி ரூம். எங்களுக்கு ஒரு கக்கூஸ் இல்ல. முள்ளுக்காட்டுக்குப் போவணும்னாகூட சூப்ரவைசர்கிட்ட பர்மிஷன் கேட்டுக்கினு நிக்கணும்."

"அதுக்குத்தான் நான் மேனேஜருக்கு மரியாதையா மனு எழுதிக் குடுத்துக்கினு இருக்கேனே."

"இன்னா ஆச்சு?"

கங்கையா தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"குடுத்துடுங்க பெரியப்பா. மேனேஜருக்குத் தெரிஞ்சா வேலை பூடும். என் சம்பளத்துலதான் வூடு ஓடுது."

"வரையறப்போ தெரியலையா? போ, வேலையைப் பாரு."

சாயங்காலம் மேனேஜர் எல்லோரையும் ஷெட்டில் நிற்க வைத்தார். அவர் கையில் இன்னொரு பிரதி.

"யார் வரைஞ்சது? மார்க்கர் பேனா பேக்கிங்லதான் இருக்கு. ஆள் யாருன்னு தெரியலைன்னா, பேக்கிங் செக்‌ஷன்ல ஒருத்தரும் நாளைக்கு வர வேணாம்."

ரூபா ஒப்புக்கொள்ளலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அதற்குள் கங்கையா முன்னால் போய்விட்டார். சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்தார்.

"நான் சொல்றேன் சார்."

"காட்டிக் குடுக்கப் போறான் பாரு, கிழம்" என்று பக்கத்தில் நின்ற சுந்தரி பல்லைக் கடித்தாள்.

"பேக்கிங்குக்கு மார்க்கர் குடுக்கறதே என் ஸ்டோர்தான் சார். நான்தான் வரைஞ்சேன்."

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏமய்யா, நுவ்வா? நீயா? இந்த வயசுல இவ்ளோ அசிங்கமா?"

"இது கம்மி சார். கக்கூஸ் கட்டலன்னா அடுத்தது கலர்ல வரும்."