மருந்துக்கடை எதிரே ஒரு பள்ளம்

“சாப்பாட்டு மேஜை எங்கேடா?”

செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள் அக்கா.

“இருக்கேக்கா. அதுக்கு மேலதான் ரயில் ஓடுது” என்றான் தம்பி. தலைமுடியில் மரத்தூள், விரலெல்லாம் பசை.

“வீட்டுப் பிளான் வரையற மனுஷன், ஐம்பது தாண்டியாச்சு. பொம்மை ரயில் கேக்குதா உனக்கு? உன் பொண்டாட்டி தட்டை மடியில வெச்சுச் சாப்பிடறாளாம். போன்ல சொன்னா. அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்றா, அசடு!”

“நானும் மடியிலதான்க்கா வெச்சுச் சாப்பிடறேன்.”

“வாயை மூடு. டேப்பைப் பிடிச்சுக்கிட்டுத் தெருவை அளந்தியாமே? எதிர் வீட்டுல சிரியா சிரிக்கறாங்க. அவ காலையில வேலைக்குப் போனா பொழுது சாயத் திரும்பறா. நீ இங்கே உக்காந்து கொடி அசைக்கறே. இன்னிக்கு இதையெல்லாம் மூட்டை கட்ட வைக்காம நான் கிளம்பப் போறதில்லை.”

அவன் ஒரு சுவிட்சைத் தட்டினான்.

கட்டைவிரல் அகல ரயில், மெல்ல முனகிக்கொண்டு புறப்பட்டது. மேஜையை விட்டுப் பலகையில் இறங்கி, சுவரோரமாக வளைந்து, புத்தக அலமாரியின் அடித்தட்டுக்குள் நுழைந்து மறைந்தது. சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. மறுபக்கம் வெளிவந்து பாலத்தில் ஏறியதும் அந்தச் சத்தமும் வேறாகிவிட்டது. காலி டப்பாவில் மழை பெய்கிற மாதிரி.

இடுப்பில் ஊன்றியிருந்த அக்காவின் கை தானாக இறங்கியது.

“பாலத்துக்கு அடியில என்னடா வெச்சிருக்கே?”

“பிஸ்கட் டின். நிஜப் பாலத்துலயும் சத்தம் இப்படித்தான் மாறும். அதைத் தாண்டி ரெண்டாவது ஸ்டேஷன், அவ ஆபீஸ்.”

அக்கா குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. வாசற்படி, கேட், கேட்டுக்கு ஒரு கொண்டி. விளக்குக் கம்பம், மரம், மருந்துக்கடை, ஸ்டேஷன் படிக்கட்டு. மரத்தின் அடியில் பட்டைக்குப் பதில் சாக்குத் துணி. கடைப் படியில் உப்புத்தாள்.

“டேய், இது நம்ம தெரு!”

“நம்ம தெருதான்.”

“பிளாட்பாரம் ஓரமா வரிசையா என்ன அது, கடுகா?”

“ஆமா. ஒண்ணொண்ணா ஒட்டினேன். ஓரம் தெரியணும்ல.”

அவளுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. ஊதினால் கலைந்துவிடும் போல ஓர் உலகம்! ஆனாலும், வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

“எல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கே, பெயின்ட் அடிக்கலையா?”

“தேவைப்படாதுக்கா.”

“ரயிலைவிடத் தெரு பெருசா இருக்கு. வீடு கட்டறவனுக்கு அளவு தெரியாதா?”

“நடக்கற இடம் பெருசாத்தான் இருக்கணும்.”

கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டினான். “ஸ்டேஷன் போய் அவளைக் கூட்டிட்டு வந்துடறேன்.”

“பாருடா! கல்யாணமான புதுசுல கூட நீ போனதில்லை. ரயில் விட ஆரம்பிச்சதும் காதலும் வந்துடுச்சாக்கும்!”

அவன் சிரித்துக்கொண்டே போனான்.

தனியாக இருந்தவள், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, சுவிட்சைத் தட்டினாள். ரயில் பாலம் ஏறியது. மறுபடி ஒருமுறை தட்டினாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. மருந்துக்கடைக்கு எதிரே, தெரு நடுவில், விரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம். இத்தனை நேர்த்தியில் இது மட்டும் கண்ணை உறுத்தியது. பாவம், கை தவறியிருக்கும். பக்கத்திலேயே கிண்ணத்தில், சுவருக்குப் பூசுகிற பட்டி குழைத்து வைத்திருந்தான். கொஞ்சம் வழித்துப் பள்ளத்தில் அப்பி, ஈர விரலால் இழைத்துவிட்டாள். பள்ளம் இருந்த சுவடே இல்லை.

திட்ட வந்தவள் தெருவைச் செப்பனிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

கேட் திறக்கும் சத்தம். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள் அவன் மனைவி.

“வாம்மா” என்றாள் அக்கா.

குரல் வந்த பக்கம் முகம் மலர்ந்தது. “வந்துட்டீங்களா அக்கா! ரயிலைப் பார்த்தீங்களா? திட்டினீங்களா, இல்லையா?”

“திட்டத்தான் வந்தேன்.”

“ஒரு நிமிஷம்க்கா. வந்ததும் நான் தினம் ஒருதரம் போய்ட்டு வரணும், இவர் உத்தரவு.”

தோள்பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, சின்ன வாசற்படியில் ஆள்காட்டி விரலை வைத்தாள். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. விரல் மட்டும் படியிறங்கியது. கேட். கம்பம். மரம். மருந்துக்கடையின் சொரசொரப்பு. அங்கேயிருந்து தெருவைக் கடக்கப் போன விரல் நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தது.

“என்னங்க, பள்ளத்தைக் காணோம்?”

“இருக்குமே.”

“இல்லைங்க. மூடிட்டாங்களா? அது மூடற பள்ளமா! இப்பத்தானே உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டினேன்?”

அக்கா அவள் விரலைப் பார்த்தாள். பிறகு அவள் கண்களை.

“அக்காகிட்ட சொல்லிடலாங்க” என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடியே. “எனக்குப் பார்வை போய்க்கிட்டே இருக்குக்கா. இனிமே திரும்பாதாம். வேலையை விடமாட்டேன்னு அழுதேன். சரி, வழியை உன் விரலுக்குச் சொல்லிக் கொடுத்துடறேன்னார். அடுத்த மாசத்துலேருந்து தனியாத்தான் போகப் போறேன்.”

பட்டி இன்னும் காயவில்லை. அக்கா கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவிக்கொண்டு, மேஜைமேல் குனிந்தாள்.

“ஆழம் எவ்வளவுடா இருந்தது?”